கீழ்ச் சக்கரத்து ரப்பர்

நான் எந்தத் துணியால் கீழ்ச் சக்கரத்தைத் துடைத்தேன் என்பது எனக்குப் புரிந்தபோது, மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்து முடித்திருந்தார்கள்.

ஆயுத பூஜை காலை. மரவாடியில் எல்லாரும் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தோம். அவரவர் கருவிகளை மெஷினுக்கு முன்னால் வாழையிலையில் அடுக்க வேண்டும். உளி வைத்திருந்தவர்கள் உளியை வைத்தார்கள், இழைப்புளி வைத்திருந்தவர் இழைப்புளியை வைத்தார். நான் ஸ்பேனர்களை எடுக்கப் பையைத் திறந்தேன். ஸ்பேனர்களுக்கு மேலே நாலாக மடித்த வெள்ளைத் துணி ஒன்று இருந்தது. எடுத்து முகர்ந்தேன். தின்னர் வாசனை. அழுக்கே படவில்லை. முந்தின நாள் ரப்பர் ஒட்டும்போது, கடைசித் துடைப்புக்கென்று நான் தனியாக எடுத்துவைத்த துணி அது.

அப்படியென்றால் நான் துடைத்தது வேறு துணி.

"இன்னா மச்சான், பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? ஸ்பேனர வை, பொட்டு வெக்கணும்" என்றார் மாமா. அவர் கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது.

வைத்தேன். மாமா ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தார். பிறகு என் நெற்றியிலும் ஒன்று வைத்தார். "இதுவும் ஒரு மெஷின்தான், படிச்ச மெஷின்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பேண்ட் ரம்பம் பார்த்திராதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். ஆள் உயரத்தைவிடப் பெரிய இரும்புச் சட்டத்தில் மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். எங்களுடையது ஒவ்வொன்றும் மாட்டுவண்டிச் சக்கரத்தில் முக்கால்வாசி இருக்கும். இரண்டையும் சுற்றி, பல் வைத்த எஃகு நாடா ஒன்று தையல் மெஷின் பெல்ட்டைப் போல ஓடிக்கொண்டே இருக்கும். அதுதான் பிளேடு. ஒவ்வொரு சக்கரத்தையும் மூட ஓர் இரும்புக் கதவு. நடுவில் மேசை. பென்சிலால் கோடு கிழித்த மரத்தை மேசைமேல் வைத்துத் தள்ளினால், கோடு எப்படி வளைகிறதோ அப்படி வளைத்து அறுக்கலாம். இரும்புச் சக்கரத்தின்மேல் எஃகு நாடா நேராக உட்கார்ந்தால் வழுக்கும். அதனால் சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி ரப்பர் ஒட்டியிருக்கும். பிளேடு பிடித்துக்கொண்டு ஓடுவது அந்த ரப்பர்மேல்தான். ஓட்டத்தில் ரப்பர் பெயர்ந்தால் பிளேடு சக்கரத்தை விட்டுத் தாவிவிடும். தாவியது அறுந்தால், எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த மேசைக்கு முன்னால் நிற்பவர் மாமா. என் அக்காவின் புருஷன். பதினைந்து வருடமாக அதே இடத்தில் நிற்கிறார். இடது கைச் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும்; அது இந்த மெஷின் வாங்குவதற்கு முன்பு வேறொரு மெஷினில் போனது. யாராவது வயது கேட்டால், "வயசு தெரியாது, வெரலு ஒம்பதரை" என்பார்.

என்னை அந்த மரவாடியில் சேர்த்துவிட்டதும் அவர்தான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, சேதராப்பட்டுப் பக்கம் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, ஒன்றும் அமையாமல் முதலியார்பேட்டை வீட்டில் உட்கார்ந்திருந்தேன். "சும்மா இருக்கறதுக்கு எங்க மெஷினுங்களப் பாரு" என்று கூட்டிப்போனார். முதலாளி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். எல்லாரும் அவரை, பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, முசே என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சு தமிழைவிட நன்றாகப் படிப்பார், இங்கிலீஷ் வராது. மாமாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். ஆகவே டின், டப்பா, பெட்டி என்று எது வந்தாலும் அதன்மேல் எழுதியிருப்பதைப் படிப்பது என் வேலை ஆயிற்று.

இது எனக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். பத்து வயதில் தெருவுக்கே மருந்துச் சீட்டு படித்துச் சொன்னவன். புரியாத வார்த்தை வந்தால் நிறுத்த மாட்டேன். நிறுத்தினால் அம்மாவின் முகம் வாடும். ஏதாவது ஒன்றைச் சொல்லிக் கடந்துவிடுவேன். இது ஒரு பழக்கம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ரப்பர் மாற்ற வேண்டிய அவசியம் அந்த மழைக்காலத்துக்கு முன்பு வந்தது. கடற்கரைப் பக்கம் பழைய பிரெஞ்சு வீடுகளை ஒவ்வொன்றாக ஹோட்டல் ஆக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டின் வாசல்களுக்கு அரைவட்டமாக வளைந்த தேக்குச் சட்டங்கள் கேட்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து சட்டம். எங்கள் மெஷினில் பழைய ரப்பர் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பிளேடு ஆடியது, வளைவில் கோட்டை விட்டு வெளியே போனது. இரண்டு தேக்குத் துண்டு வீணான பிறகு, முசே சென்னையிலிருந்து ரப்பர் வளையம் இரண்டும் ஒரு டின் பசையும் வரவழைத்தார். ஒட்டிய பிறகு ஒரு நாள் முழுக்க மெஷின் சும்மா இருக்க வேண்டும். அதற்குத்தான் ஆயுத பூஜைக்கு முந்தின நாளைத் தேர்ந்தெடுத்தோம். பூஜை அன்று எப்படியும் யாரும் மெஷினைத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலை நல்ல நேரத்தில் முதல் அறுப்பு. நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். "மூள இருக்குது" என்று முசே என் தலையைத் தட்டினார்.

டின்னோடு ஒரு சீட்டு வந்திருந்தது. சுற்றி எல்லாரும் நிற்க, நான் அதை இங்கிலீஷில் ஒருமுறை படித்து, தமிழில் சொன்னேன். பழைய பசையைச் சுரண்டணும். உப்புத்தாள் போடணும். தூசி, மெழுகு, எண்ணெய் ஒரு துளி இருக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் பசை தடவி, கையில் ஒட்டாத அளவு காயவிட்டு, பிறகுதான் மாட்டணும். இருபத்து நாலு மணி நேரம் ஓட்டக் கூடாது.

"எண்ணெ ஒரு துளி கூடாதுன்னா, நம்ம டிப்ளமா பக்கத்துலயே வரக் கூடாதே, தலையில அரைப் படி இருக்குதே" என்றார் பாலிஷ்காரர். அவர் என்னை விட இருபது வயது மூத்தவர். ஆனாலும் என்னை டிப்ளமா என்றுதான் கூப்பிடுவார். கிண்டல் செய்யாமல் அவருக்கு ஒரு நாளும் போகாது.

வேலை நன்றாகத்தான் போனது. பழைய ரப்பரை உளியால் நெம்பிக் கழற்றினோம். விளிம்பில் பிடித்திருந்த பழைய பசையைச் சுரண்ட இரண்டு மணி நேரம் ஆயிற்று. மேல் சக்கரம் முதலில். துடைத்து, பசை தடவி, காயவிட்டு, வளையத்தை மாட்டினோம். வளையம் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னது; இழுத்துத்தான் மாட்ட வேண்டும். மாமாவும் இன்னொருவரும் இழுத்துப் பிடிக்க, நான் ரப்பருக்கு அடியில் ஓர் உருண்டைக் கம்பியைச் செருகிச் சக்கரத்தைச் சுற்றிலும் ஒரு முறை ஓட்டினேன். அப்படிச் செய்தால் இழுவை எல்லாப் பக்கமும் ஒன்றாகிவிடும். கம்பியை உருவினதும் ரப்பர் விளிம்பில் வந்து உட்கார்ந்தது. மாமா தட்டிப் பார்த்து, "டேய், நல்லாப் புடிச்சிருக்குதுடா" என்றார்.

அதே நேரத்தில் பாலிஷ்காரரும் மற்றவர்களும் பூஜைக்காக மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மரவாடியில் ஒரு வழக்கம். தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து, பழைய வேட்டித் துணியில் நனைத்து, மெஷினின் இரும்பு முழுவதும் துடைப்பார்கள். பொட்டு வைக்கும்போது கன்னங்கரேலென்று மினுமினுக்க வேண்டும். என் துணியும் அதே வேட்டியில் கிழித்ததுதான். கீழ்ச் சக்கரத்தில் பசை தடவுவதற்கு முன் கடைசியாக ஒரு முறை துடைக்கக் கையை நீட்டினேன். சக்கரக் கதவின் கொண்டியில் ஈரமாக ஒரு துணி தொங்கியது; தின்னரில் நனைத்துவைத்த என் துணிதான் என்று நினைத்தேன். எடுத்தேன். சுற்றிலும் அழுத்தித் துடைத்தேன். ரப்பரின் உள்பக்கத்தையும் துடைத்தேன். அன்று சாயங்காலம் கை கழுவும்போது விரலில் தேங்காயெண்ணெய் வாசனை வந்தது. என் தலையெண்ணெய் என்று நினைத்துக்கொண்டேன்.

அதெல்லாம் இப்போது, வாழையிலைக்கு முன்னால் நின்றபோது, ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

முதலில் தோன்றியது, சீட்டை எடுத்து இன்னொரு முறை படிக்க வேண்டும் என்பதுதான். எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்று அதில் இருக்குமோ? கொஞ்சம் பட்டால் பரவாயில்லை என்று இருக்குமோ? ஆனால் சீட்டு இலையில் இருந்தது. மாமாதான் அதையும் பூஜையில் வைத்திருந்தார். "இதுவும் பொஸ்தகம்தான், சரஸ்வதிக்கு" என்று நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்து, பசை டின்னுக்கு அடியில் சொருகியிருந்தார். பூஜையில் வைத்த புத்தகத்தை அன்று படிக்கக் கூடாது. பூஜையில் வைத்த மெஷினை அன்று தொடக் கூடாது. வீட்டிலும் அக்கா என் டிப்ளமா சர்டிபிகேட்டைப் பூஜையில் வைத்திருந்தாள். ஒரே நாளில் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் எடுத்துச் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டார்கள்.

கீழ்ச் சக்கரத்தின் கதவுப் பக்கமாகப் போனேன். கொண்டியின் குறுக்கே சாமந்திச் சரம் கட்டியிருந்தது. விரலால் சரத்தை ஒதுக்கினேன்.

"யோவ் டிப்ளமா! கைய எடு!" பாலிஷ்காரர் கத்தினார். "பூ போட்ட மெஷின்ல இன்னா நோண்டற? இன்னைக்கு அதுவும் ஒரு நாளு ரெஸ்ட் எடுக்கட்டும்."

"இல்லண்ணே, ரப்பரு ஒழுங்கா ஒட்டியிருக்குதான்னு..."

"ஒட்டனது நீதான? உன் மேல உனக்கே நம்பிக்கை இல்லன்னா நாங்க யார நம்பறது?"

அதற்கும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. என்னை ஒரு நொடி பார்த்தார். அப்போது சொல்லியிருக்கலாம். வாயும் திறந்தது. அதற்குள் அக்கா, இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளையோடு, சுண்டல் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். பிள்ளை "ப்பா" என்று மாமாவைப் பார்த்துக் கையை நீட்டினான். மாமா அந்தக் கையைப் பிடித்து மெஷினைக் காட்டி, "கும்புடு, கும்புடு" என்றார். ஒம்பதரை விரலும் அந்தச் சின்னக் கையைச் சுற்றி இருந்தன. நான் வாயை மூடிக்கொண்டேன்.

இதுவும் போதாதென்று முசே வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, சட்டைப்பையில் பட்டாளத்துப் பதக்கத்தின் ரிப்பன். கற்பூரத் தட்டை எடுத்து, எப்போதும் காட்டும் மாமாவிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார்.

"இந்த வருஷம் மெஷினுக்கு உசுரு குடுத்தது யாரு? நீ காட்டு."

தட்டை வாங்கினேன். மேல் சக்கரம், மேசை, கீழ்ச் சக்கரம் என்று மூன்று சுற்றுச் சுற்றினேன். கீழே குனியும்போது கதவின் இடுக்கில் ரப்பரின் கறுப்பு விளிம்பு கொஞ்சம் தெரிந்தது. எந்தக் குறையும் இல்லாததுபோல இருந்தது. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. இழுத்து மாட்டிய வளையம், பசை பிடிக்காவிட்டாலும் நிற்கிறபோது இறுகித்தான் இருக்கும். சுற்றும்போதுதான், சூடாகும்போதுதான் தெரியும். அதைத் தெரிந்துகொள்ளும் நேரத்தில் மாமாவின் கை பிளேடுக்கு நாலு விரல் தூரத்தில் இருக்கும். மேல் சக்கரத்தின் கதவையோ, சத்தம் போடுகிறதென்று எப்போதோ கழற்றி மூலையில் வைத்துவிட்டோம்.

நல்ல நாளில் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மெஷின் முன்னால் நின்று ரப்பர் பிய்ந்துவிடும் என்று சொன்னால் அக்கா என்ன ஆவாள்? இது பாதி உண்மை. மீதியை நான் பிற்பாடுதான் சொல்ல நேர்ந்தது.

விஜயதசமி காலை ஆறரைக்கெல்லாம் நான் மரவாடியில் இருந்தேன். காவலுக்கு இருந்தவர் கேட்டைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போனார். நல்ல நேரம் ஏழே முக்காலுக்கு. சாமி இன்னும் எழுந்திருக்கவில்லை. அதாவது, முசே வந்து விளக்கேற்றி இலையை நகர்த்துகிறவரை எதையும் தொடக் கூடாது. கதவில் சாமந்திச் சரம் அப்படியே இருந்தது. சரத்தை அறுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மாமாவிடம் சொல்லவும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோழைத்தனமான வழி எனக்குத் தோன்றியது.

மெஷினுக்கென்று சுவரில் தனியாக ஒரு ஃபியூஸ் பலகை இருக்கும். மூன்று பீங்கான் ஃபியூஸ் கட்டை. ஒன்றை மட்டும் பிடுங்கினால் மோட்டார் சுற்றாமல் உறுமி எரிந்துபோகும் என்று படித்திருந்தேன். அதனால் மூன்றையும் பிடுங்கினேன். ஒவ்வொன்றின் மேலும் சந்தனப் பொட்டு இருந்தது. பேண்ட்டின் இரண்டு பையிலும் போட்டுக்கொண்டேன். நடந்தால் பீங்கான் பீங்கானோடு இடித்துக் களுக் களுக் என்றது. எனவே நடக்காமல் ஒரு தேக்குக் கட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன்.

மாமா இட்லித் தூக்கோடு வந்தார். "உனக்குக் குடுத்தனுப்பிச்சா உங்க அக்கா. காலைல சாப்புடாமயே ஓடிட்டியாம்."

"பசிக்கல மாமா."

"ஏண்டா, கண்ணெல்லாம் செவந்து கெடக்குது? யாரையாச்சும் பாத்துட்டியா? சொல்லு, பேசி முடிக்கலாம்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா."

"பின்ன?"

முசேவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கூடவே ஹோட்டல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த காண்ட்ராக்டரும் வந்தார். விளக்கேற்றினார்கள். இலையை நகர்த்தினார்கள். மாமா சரத்தைக் கழற்றி மேசைமேல் போட்டார். ஒரு சின்ன வேப்பங்கட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். அதுதான் முதல் அறுப்பு. அறுத்த துண்டை அடுத்த வருஷம்வரை சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்போம். கைகளால் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பச்சைப் பட்டனை அழுத்தினார்.

ஒன்றும் ஆகவில்லை.

இன்னொரு முறை அழுத்தினார். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. லைட் எரிந்துகொண்டிருந்தது. மெஷின் மட்டும் அசையவில்லை.

"மொத அறுப்புல இப்பிடியா?" என்றார் காண்ட்ராக்டர் மெதுவாக. பாலிஷ்காரர்கூட வாயைத் திறக்கவில்லை. சகுனம் பார்க்கிறவர்கள் நிறைந்த இடத்தில் அந்த அமைதி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முசேவின் முகம் சுருங்கியது.

மாமா நேராக ஃபியூஸ் பலகைக்குப் போனார். மூன்று ஓட்டைகளையும் பார்த்தார். திரும்பினார். பார்வை என் முகத்துக்கு வரவில்லை. என் கைக்கு வந்தது. வலது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் காய்ந்த சந்தனம் ஒட்டியிருந்தது. அதிலிருந்து என் பேண்ட் பைக்குப் போனது.

அவர் முதுகால் பலகையை மறைத்துக்கொண்டு நின்றார்.

"கரண்டுல ஒரு பேஸ் வரல முசே" என்றார். "லைன்ல எங்கயோ புடுங்கிக்கிச்சி. லைன்மேன் வந்தாத்தான்."

"இன்னைக்கா?"

"நேரம் போவுது முசே. மெஷினு இல்லன்னா இன்னா, கையில அறுப்போம். கருவிதான ரெண்டும்." சுவரிலிருந்து கைரம்பத்தை எடுத்தார். வேப்பங்கட்டையை முழங்காலால் அழுத்திப் பிடித்து, பத்து இழுப்பில் அறுத்தார். துண்டை இரண்டு கையாலும் முசேவிடம் கொடுத்தார். முசே அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எல்லாரும் மூச்சுவிட்டார்கள். சக்கரைப் பொங்கல் வந்தது.

எல்லாரும் சாப்பிடக் கொல்லைப் பக்கம் போனதும் மாமா என் சட்டைக் காலரைப் பிடித்து மெஷினுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"எடு."

மூன்றையும் எடுத்துக் கையில் வைத்தேன்.

"இப்ப சொல்லு."

சொன்னேன். துணி, கொண்டி, தேங்காயெண்ணெய் வாசனை, பையில் இருந்த இன்னொரு துணி, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது குரல் பத்து வயதுப் பையனுடையது போலக் கேட்டது. அவர் ஃபியூஸ் கட்டைகளைத் தரையில் வைத்துவிட்டு, கீழ்க் கதவைத் திறந்தார். ரப்பரை விரலால் அழுத்தினார். இறுக்கமாக இருந்தது. தட்டினார். நல்ல சத்தம் வந்தது.

"நல்லாத்தான்டா இருக்குது."

எனக்கு ஒரு கணம் உயிர் வந்தது. மாமா அரை இஞ்சு உளியை எடுத்து, விளிம்புக்கும் ரப்பருக்கும் நடுவில் நுனியைச் செருகி, லேசாக நெம்பினார். லேசாகத்தான். ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் பசையோடு உரிந்து வந்து அவர் கையில் தொங்கியது. உரிந்த இடத்தில் இரும்பு பளபளவென்று இருந்தது. அவர் அதை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். என் மூக்குக்கு நேராகவும் நீட்டினார்.

நான் முகரவில்லை.

மாமா மரத்தூளில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் வேர்த்திருந்தது. மேசையையே பார்த்தார். தான் நிற்கும் இடத்தைப் பார்த்தார். அங்கே தரையில் பதினைந்து வருடம் நின்று நின்று சிமெண்ட் வழவழப்பாகியிருந்தது. அவர் பயந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு முதல்முறையாக அழுகை வந்தது.

"நேத்து காலையிலயே தெரியுமா?"

"தெரியும் மாமா."

"நல்ல நாளும் அதுவுமா சொல்லக் கூடாதுன்னு இருந்தியா? இல்ல, படிச்சவன்னு வாங்குன பேரு போயிடும்னு இருந்தியா?"

தொங்கிய ரப்பரையே பார்த்தேன்.

"கேக்கறேன்ல?"

"பேருதான் மாமா."

அவர் தலையை ஆட்டினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உன் பேரு கெட்டா உங்க அக்கா ரெண்டு நாளு அழுவா" என்றார். "என் கை போனா..." எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "முசேகிட்ட நீயே போய்ச் சொல்லு. பேஸ் வரலன்னு நான் சொன்னதயும் சேத்து சொல்லிடு. உனக்காக ஒருவாட்டிதான் பொய் சொல்லுவேன்."

முசே கொல்லையில் நாற்காலியில் உட்கார்ந்து தொன்னையில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் இருந்தார்கள். தனியாகக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். பிறகு, அதுவும் அதே பழக்கம்தான் என்று தோன்றியது. எல்லாருக்கும் முன்னாலேயே சொன்னேன். காண்ட்ராக்டர் இருந்ததையும் பொருட்படுத்தவில்லை.

முசே சாப்பிடுவதை நிறுத்தவில்லை. கடைசிக் கவளம்வரை சாப்பிட்டார். தொன்னையை மடித்து வைத்தார்.

"எண்ணெ கூடாதுன்னு அந்தச் சீட்டுல போட்டிருந்துதா?"

"போட்டிருந்துது முசே."

"படிச்சியா?"

"படிச்சேன். சத்தமா படிச்சேன். எல்லாரும் கேட்டாங்க."

பாலிஷ்காரர் தொன்னைக்குள் பார்த்துக்கொண்டார். எண்ணெய்த் துணியைக் கொண்டியில் மாட்டியது அவர்தான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. துணியை எடுத்தது என் கை.

"அப்ப மறுபடி படி" என்றார் முசே. "எல்லாரும் நில்லுங்க. இவன் படிக்கட்டும்."

சீட்டை எடுத்து வந்தேன். நடுவில் வைத்த சந்தனம் காய்ந்து, சரியாக இரண்டு வரிகளை மறைத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். எழுத்து கொஞ்சம் சேர்ந்து வந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு வார்த்தை எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; ஏதாவது ஒன்றைச் சொல்லிக் கடப்பது எத்தனை சுலபம்!

"இங்க ஒரு வார்த்த எனக்குத் தெரியல" என்றேன்.

வாழ்க்கையில் முதல்முறையாகப் படிப்பதை நடுவில் நிறுத்தினேன். யாருடைய முகமும் வாடவில்லை. "வுட்டுட்டு மேல போ" என்றார் பாலிஷ்காரர். காண்ட்ராக்டர் எழுந்து வந்து, தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "ஈரம்னு நெனைக்கிறேன் தம்பி. ஈரமும் கூடாது" என்றார்.

அன்று மதியமே கீழ் ரப்பர் முழுவதையும் உரித்தோம். பாதி தானாக வந்தது. மீதி, எண்ணெய் படாத இடங்களில், உயிரை வாங்கியது. சுரண்டினோம். தின்னரால் மூன்று முறை துடைத்தோம். ஒவ்வொரு முறையும் புதுத் துணி. மாமா தன் புது வேட்டியின் ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தார். பாலிஷ்காரர் தன் எண்ணெய்க் கிண்ணத்தையும் துணியையும் எடுத்துக்கொண்டு போய் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார். யாரும் சொல்லவில்லை, அவராகத்தான் செய்தார். பசை தடவும்போது மாமா என் தலைக்கு ஒரு துண்டைக் கட்டிவிட்டார். "அரைப் படி எண்ணெ" என்றார். அப்போதுகூட எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் முழுக்க மெஷின் நின்றது. அதற்கு மறுநாள் காலை, மூலையில் கிடந்த மேல் கதவைத் துடைத்து மாட்டினோம். ஃபியூஸ் கட்டைகளை நானே சொருகினேன். எல்லாரையும் தேக்கு அடுக்குக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, கம்பால் பட்டனை அழுத்தினேன். அரை மணி நேரம் வெறுமனே ஓடியது. சத்தம் ஒரே சீராக இருந்தது. நிறுத்தினேன். கதவைத் திறந்து, சக்கரத்தைக் கையால் உருட்டி, ரப்பரின் விளிம்பைச் சுற்றிலும் அரை விரல் அரை விரலாக நகத்தால் நெம்பிப் பார்த்தேன். இரண்டு சக்கரமும். பிறகு இன்னொரு முறை. "எத்தினி வாட்டிடா?" என்றார் மாமா. "இன்னும் ஒருவாட்டி மாமா" என்றேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பிறகு அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அரைவட்டம் வரைந்த தேக்குப் பலகையை மேசைமேல் வைத்தார். மெஷின் ஓட ஆரம்பித்தது. பலகையைத் தள்ளுவதற்கு முன், அவர் திரும்பி என்னைப் பார்த்தார். 

எல்லாம் சரியாகச் செய்திருந்தேன், அப்படியும் ரப்பரின் விளிம்பை மனதுக்குள் இன்னொரு முறை நெம்பிப் பார்த்தேன். தலையை அசைத்தேன்.

மாமா தள்ளினார். தேக்கு வாசனை எழுந்தது. கை வளைவோடு வளைந்து பிளேடுக்குப் பக்கத்தில் போனது, விலகியது, மறுபடி போனது. எனக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மூடவில்லை. அந்த அரைவட்டம் முடிய எவ்வளவு நேரம் ஆனது என்று இப்போது கேட்டால் ஒரு மணி நேரம் என்றுதான் சொல்வேன்; இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். துண்டு விழுந்தது. கோட்டை விட்டு ஒரு நூல்கூட வெளியே போகவில்லை.

மாமா மெஷினை நிறுத்தினார். இரண்டு கைகளையும் விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எண்ணிக்கோ மச்சான்."

எண்ணினேன். எல்லாரும் சிரித்தார்கள், நான் உண்மையாகவே ஒவ்வொன்றாக எண்ணினேன்.